ஏர் எடுத்தல்

பள்ளத்தூரில் பலகாரம் ஏற்றிக்கொண்டு
செட்டிநாடு ஸ்டேஷன் கேட்டுக்கு வந்தபோது
மிதித்தேன்.
பிசைந்த மாவை மிதித்த மாதிரி
கால் போய்க்கொண்டே இருந்தது.

சாத்திய கேட். முன்னால் ஒரு டிவிஎஸ்.
அதன் பின்சீட்டில் தவிட்டுச் சாக்கு,
சாக்கின் மேல் ஒரு பையன்.

இரண்டாம் மிதி.
மூன்றாம் மிதியில்தான் காலுக்கு ஏதோ தட்டுப்பட்டது.
ஹேண்ட்பிரேக்கையும் சேர்த்து இழுத்தேன்.
பம்பர் சாக்கைத் தொட்டு நின்றது.
பையன் திரும்பிப் பார்த்தான்,
சாக்கைத் தட்டிவிட்டுக்கொண்டான்,
ரயிலை வேடிக்கை பார்க்கப் போய்விட்டான்.
எனக்குத்தான் முழங்கால் நிற்கவில்லை.

பின்னால் தேன்குழல் ஏழு கிலோ தூள்.
இடது பின்சக்கரத்தின் உள்பக்கம்
செம்மண்ணோடு குழைந்த எண்ணெய் ஈரம்.
மூன்று வாரம் முன்புதான்
"வீல் சிலிண்டர் வாஷர் மாத்தியாச்சு, கம்பெனி சாமான்"
என்று சொல்லியிருந்தார் அடைக்கலம்.

முதல் கியரிலேயே ஊர்ந்து வீடு வந்தேன்.
சாவியை ஆணியில் மாட்டினேன்.
புதன், வியாழன், வெள்ளி,
அவரோடு ஒரு வார்த்தை இல்லை.
டின்களை டவுன் பஸ்ஸில் ஏற்றி
காரைக்குடிக் கடைகளுக்குப் போட்டு வந்தேன்.
கண்டக்டர் டின்னுக்கும் டிக்கெட் கிழித்தான்.

சனிக்கிழமை காலை
டேஷ்போர்டின் மேல் பிரிக்காத பாக்கெட் ஒன்று.
பக்கத்தில் பில்,
தொகை தெரிகிற மாதிரி விரித்து வைத்து.

வாஷரை அவர் ஒருவரே மாட்டிவிடலாம்.
ஏர் எடுக்க முடியாது.
அதற்குப் பெடலில் ஓர் ஆள்,
வண்டிக்கடியில் ஓர் ஆள்.
ஸ்பேனரால் டிரம்மில் இரண்டு தட்டு தட்டினார்.
கூப்பிடுகிறாராம்.
போய் உட்கார்ந்தேன்.

மாஸ்டர் சிலிண்டருக்கு எது தூரமோ
அந்தச் சக்கரம் முதலில்.

"மிதி."
மூன்று மிதி.
"பிடி."
பிடித்தேன்.
அடியில் நிப்பிள் திறக்கிறது,
என் கால் தானாகத் தரைக்கு இறங்குகிறது.
பாட்டிலில் குமிழி வருவது எனக்குத் தெரியாது.
என் கால் இறங்குவது அவருக்குத் தெரியாது.
"மூடியாச்சு. விடு."

அவர் மூடுவதற்குள் நான் விட்டுவிட்டால்
போன காற்றெல்லாம் திரும்பி உள்ளே வரும்,
அவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.
இரண்டாவது சக்கரத்தில்
விட்டால்தான் என்ன என்று கேட்டது கால்.
தவிட்டுச் சாக்கை நினைத்துக்கொண்டேன்.
விடவில்லை.

நடுவில் எழுந்து வந்து ஆயில் ஊற்றினார்.
பழையது கொதித்த டீ நிறம்,
புதியது தேன் நிறம்.
கதவில் இரண்டு சொட்டுச் சிந்தியது.
பெயின்ட்டைத் தின்றுவிடுமே என்று
ஒரு சொம்புத் தண்ணீரை வீசினேன்.
பாதி அவர் சட்டையில்.
அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது சக்கரம்.
மிதித்தேன். கெட்டியாக நின்றது.
அடியிலிருந்து குரல்:
"பிடிச்சிருக்கா?"

பதினாறு வருஷம் முன்பு, கண்டனூரில்,
காப்பித் தட்டோடு நின்றபோது
இவர் இதைக் கேட்கவில்லை.
இவருடைய சித்தி கேட்டாள்.
நான் தலையை ஆட்டினேன்.

இப்போது தலையை ஆட்டினால்
வண்டிக்கடியில் எப்படித் தெரியும்?

"பொன்னழகு, பிடிச்சிருக்கான்னு கேட்டேன்."

"இருக்கு" என்றேன்.
பிறகு, "போன தடவை போட்டது
எத்தனை ரூபா வாஷர்?"

அடியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"நாப்பது."

நாலாவது சக்கரமும் முடிந்ததும்
அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து
ஸ்டேஷன் ரோட்டில் ஓட்டினேன்.
கேட் திறந்திருந்தது, ஆள் நடமாட்டமில்லை.
நாற்பதில் போய் ஓங்கி மிதித்தேன்.
வண்டி நின்றது.
அவர் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்திருந்தார்.

"இப்ப சரியா?"

"இடப்பக்கம் இழுக்குது" என்றேன்.

"திங்கக்கிழமை பாப்பம்."

வண்டியைத் திருப்பினேன்.
"இன்னிக்கே."